சுரங்கப்பாதையில் அறுந்த கோடு

எங்கள் வீட்டுக்காரர் ராணுவ டாங்கி செய்கிற பாக்டரியில் வேலை பார்த்தவர். அத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அவர் உள்ளே என்ன வேலை செய்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்டால், "போனேன், செஞ்சேன், வந்துட்டேன்" என்பார். பாக்டரி கேட்டுக்குள் நடப்பது கேட்டுக்குள்ளேயே இருக்கணும். குவார்ட்டர்ஸில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் இதே கதைதான். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் மாமியார் கதை, மச்சினி கதை எல்லாம் கொட்டுவோம். புருஷன்மார் வேலையைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டோம். திறந்தாலும் சொல்ல ஒன்றும் இருக்காது. அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. இப்பவும் இருக்கிறது. நாட்டுக்கு வேண்டிய வேலை, மூடி வைத்துத்தான் செய்யணும்.

அப்படிப்பட்ட வீட்டு மாடிக்கு வாடகைக்கு வந்த பெண், உலகமே பார்க்கிற இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவளாக இருந்தாள். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். எழுதும்போது அதைவிட மெதுவாகப் போவேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

வீடு ஆவடிப் பக்கம் சேக்காட்டில். ரிட்டயர் ஆன பணத்தில் அவர் கட்டியது. மாடியில் ஒரே அறை, ஒரு சமையல் மேடை, ஒரு பாத்ரூம். அதில் இரண்டு பெண்கள். இரண்டு பேரும் வேப்பம்பட்டு தாண்டி இருக்கிற ஒரு இன்ஜினியரிங் காலேஜில் மூன்றாம் வருஷம். ஒருத்தி தேனிப் பக்கம். ஒல்லி, பேச்சு குறைவு, படியேறினால் சத்தமே வராது. இன்னொருத்தி ஆம்பூர்க்காரி. அவள் படியேறினால் தெருவுக்கே தெரியும். இரண்டு பேரும் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. அதைக் கேட்டு மூஞ்சியைத் தொங்கப்போடாத முதல் வாடகைக்காரர்கள் இவர்கள்தான். அதனாலேயே பிடித்துப்போனது.

மாடியில் கரண்ட் போனால் போனதுதான். இன்வெர்ட்டர் கீழே மட்டும். பங்குனி வெயிலில் சாயங்காலம் கரண்ட் போகும்போதெல்லாம் தேனிப் பெண் லேப்டாப்பைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு இறங்கி வருவாள்.

"பெரியம்மா, இங்கிட்டு கொஞ்ச நேரம் உக்காந்துக்கிடட்டா?"

உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். கரண்ட் வந்தது கூடத் தெரியாது. நான் எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். திரையில் தெருத் தெருவாகக் கோடு.

"இன்னாம்மா இது, ஊடு கட்ட பிளானா?"

"மேப்பு பெரியம்மா. இந்தா பாருங்க, நம்ம தெரு. முக்குல பிள்ளையார் கோயிலு. இந்தா, இது நம்ம வீடு."

வீடு ஒரு சின்னக் கட்டமாக இருந்தது. மாடிப்படி வெளியே துருத்திக்கொண்டிருப்பது கூட அதில் தெரிந்தது. அந்தப் படிக்காக மேஸ்திரியோடு எங்கள் வீட்டுக்காரர் போட்ட சண்டை எனக்கு ஞாபகம் வந்தது.

"யாரு வரைஞ்சது?"

"யாரோ ஒருத்தர். நம்ம பக்கம் நடந்து பாத்து வரைஞ்சிருக்காரு. தப்பா இருந்தா நீங்களே திருத்தலாம்."

"இதுக்குக் காசு யாரு குடுக்கறது?"

"யாரும் குடுக்கல. உலகம் பூரா ஆளுக சும்மாதான் வரையறாங்க."

"அப்போ இது யாருக்குச் சொந்தம்?"

"யாருக்கும் இல்ல. எல்லாருக்கும்."

"கோயிலு மாதிரின்னு சொல்லு."

பின்னால் தடதடவென்று இறங்கி வந்த ஆம்பூர்க்காரி, "கோயிலுக்குக் கூட ஒரு தர்மகர்த்தா கீறாரு பெரியம்மா. இதுக்கு அதுவும் இல்ல," என்றாள்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து எனக்குப் புரிய வைத்தார்கள். அந்த மேப்பை வரைகிறவர்கள் போனில் ஒரு ஆப் வைத்திருப்பார்கள். போனைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால், நடந்த வழியெல்லாம் கோடாக விழும். அந்தக் கோட்டைப் பார்த்துத் தெருவை வரைவார்கள். அந்த ஆப்பையும் ஊர் ஊராக இருக்கிற ஆட்கள் சேர்ந்துதான் செய்கிறார்கள். அதன் உள்வேலை அத்தனையும் திறந்து கிடக்கிறது. ஓப்பன் சோர்ஸ் என்று பெயராம். எந்த வரியை யார் எழுதினது, அது சரியில்லை என்று யார் சொன்னது, அதற்கு இவர் என்ன பதில் சொன்னார், எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

நான் கீரையைக் கீழே வைத்துவிட்டேன்.

"எவனாவது தூக்கினு போயிட மாட்டானா?"

"தூக்கிட்டுப் போகலாம் பெரியம்மா. அதுக்குத்தான தெறந்து வச்சிருக்கு," என்றாள் தேனிப் பெண், இதில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி.

அன்றைக்குச் சாமி விளக்கு ஏற்றும்போது எங்கள் வீட்டுக்காரர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டிருப்பார்.

கோடை லீவுக்கு இந்த மாதிரி வேலைகளில் காலேஜ் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, கூட வழிகாட்ட ஒரு ஆளையும் வைத்து, சம்பளமும் கொடுக்கிற திட்டம் ஒன்று இருக்கிறது. உலகம் முழுக்க இருந்து அப்ளை பண்ணுவார்கள். இந்த ஆப்புக்கு அந்த வருஷம் ஒரே ஒரு இடம். தேனிப் பெண்ணுக்கு அதன் மேல் கண்.

"எங்க காலேஜ் பேரச் சொன்னா, அது எங்கிட்டு இருக்குன்னு கேக்குறாங்க பெரியம்மா. நல்ல கம்பெனி ஒண்ணும் அங்க வாரதில்ல. இந்த எடம் கெடச்சுட்டா, காலேஜ் பேர வச்சு என்னைய எடை போட மாட்டாங்க. நான் செஞ்சதப் பாப்பாங்க."

பேசாத பெண் இவ்வளவு பேசினாள். அதில் எனக்கு அதன் கனம் தெரிந்தது.

ஆனால் அந்த அப்ளிகேஷன் நாம் நினைக்கிற அப்ளிகேஷன் இல்லை. பேரும் மார்க்கும் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறது இல்லை. முன்னாலேயே வேலை செய்து காட்டணும். அந்த ஆப்பில் என்னென்ன கோளாறு இருக்கிறது என்று அவர்களே வெளியே எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றை எடுத்துச் சரி பண்ணிக் கொண்டுபோய் வைக்கணும். எங்கள் வீட்டுக்காரர் காலத்தில் வேலைக்கு எடுத்த பிறகுதான் வேலை. இங்கே வேலை செய்த பிறகுதான் வேலைக்கு எடுப்பார்கள்.

ஆம்பூர்க்காரியும் முதலில் இறங்கிப் பார்த்தவள்தான். "மதிப்பிற்குரிய மேடம், இந்த வேலையை எனக்குத் தயவுசெய்து ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று இங்கிலீஷில் எழுதிப் போட்டாளாம். அதே வரியை அவளுக்கு மேலேயும் கீழேயும் எத்தனையோ பிள்ளைகள் எழுதியிருந்தார்களாம், பாதிப்பேர் நம் ஊர்ப் பக்கம். ஆப்பைப் பார்த்துக்கொள்கிற அம்மா ஏதோ பனி கொட்டுகிற தேசத்தில் இருக்கிறவள். அவள் பதில் போட்டாளாம், 'இங்கே யாரும் யாருக்கும் ஒதுக்குவதில்லை, எடுத்துச் செய்து காட்டுங்கள்' என்று.

"கேக்காம எடுக்கணுமாம் பெரியம்மா. சின்னதுல இருந்து கேக்காம எடுத்தா கையில சூடு வெப்பேன்னு வளத்தாங்க. இப்ப வந்து கேக்காம எடுன்னா எப்படி வரும்?" என்று சிரித்தாள். அதோடு விட்டுவிட்டாள். தேனிப் பெண் விடவில்லை.

அவள் எடுத்துக்கொண்ட கோளாறு எனக்கு நன்றாகவே தெரியும். ஏனென்றால் அது என் கால் வழியாக நடந்தது. எங்கள் தெருவிலிருந்து மார்க்கெட் போக, ரயில்வே லைனுக்கு அடியில் சுரங்கப்பாதையில் இறங்கி அந்தப் பக்கம் ஏறணும். தினமும் காலையில் நான் போய் வருகிற வழி. என் போனில் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்து, "பையில போட்டுட்டு எப்பயும் போல போயிட்டு வாங்க, மார்க்கெட்டு முடிஞ்சதும் நிறுத்திருங்க" என்றாள். போய் வந்தேன்.

திரையில் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் நடந்தது கோடாகக் கிடந்தது. இந்தக் கால் எத்தனை வருஷமாகத் தேய்கிறது, ஒரு தடம் இருந்ததா? மண்ணில் நடந்தால் காற்று அழிக்கும், சிமெண்டில் நடந்தால் விழவே விழாது. இப்போது வானத்தில் இருந்து எதுவோ என்னைப் பார்த்து, இவள் இந்தப் பக்கம் போனாள், இங்கே திரும்பினாள் என்று வரைந்து வைத்திருந்தது. சில இடத்தில் கோடு முடிச்சு முடிச்சாகச் சுருண்டிருந்தது.

"இது இன்னா, நூல் சிக்கின மாதிரி?"

"அங்க நின்னிருக்கீங்க பெரியம்மா. நின்னா புள்ளி அங்கனயே சுத்தும்."

பார்த்தேன். கீரைக்காரி. பூக்காரி. மெடிக்கல் ஷாப் வாசல், அங்கே ஃபேன் காற்று வெளியே வரும்.

"இந்தப் பெரிய முடிச்சு வம்பு பேசின எடம்," என்றாள் ஆம்பூர்க்காரி.

"வம்பு இல்லடி. பூக்காரி மருமக கதை."

ஆனால் கோடு முழுசாக இல்லை. சுரங்கப்பாதையிலிருந்து ஏறின இடத்தில்தான் ஆரம்பித்திருந்தது. அடியில் இறங்கினதும் சிக்னல் அறுந்துவிடுகிறது. வெளியே வந்ததும் ஆப் புதுசாக ஒரு கோட்டை ஆரம்பிக்கிறது, பழையதைத் தூக்கி எறிந்துவிடுகிறது. வீட்டிலிருந்து சுரங்கப்பாதை வரை நான் நடந்ததே இல்லை என்பது போல.

"அப்போ நான் இன்னா, மார்க்கெட்டுலயே பொறந்தேனா?"

"அதத்தான் பெரியம்மா சரி பண்ணப் போறேன்," என்றாள்.

அதன்பிறகு தினமும் என் நடைதான் அவளுக்குப் பாடம். காலையில் என் போனில் எதையோ புதுசாக ஏற்றிக் கொடுப்பாள், நடந்துவிட்டு வருவேன், சாயங்காலம் எடுத்துப் பார்ப்பாள். சிக்னல் திரும்ப வரும்போது முதல் சில புள்ளிகள் கண்ட இடத்தில் போய் விழுமாம், தூங்கி எழுந்தவன் சுவரைப் பிடிக்கிற மாதிரி. அதை நம்பக்கூடாது. நிதானத்துக்கு வருகிற வரைக்கும் விட்டுவிட்டு, அப்புறம் பழைய கோட்டோடு முடிச்சுப் போடணும். அதைச் செய்துவிட்டாள். சுரங்கப்பாதையில் கோடு சேர்ந்தது. ஆனால் இன்னொரு இடத்தில் பிய்ந்தது. நான் நின்று பேசுகிற இடத்திலும் புள்ளிகள் சுற்றுகிறதல்லவா, அதையும் தப்புப் புள்ளி என்று நினைத்து வெட்டிப் போட்டுவிடுகிறது. கீரைக்காரியிடம் ஒரு ஓட்டை, பூக்காரியிடம் ஒரு ஓட்டை.

ஆம்பூர்க்காரி சொன்னாள், "பெரியம்மா, நீ மட்டும் வாய மூடினு நடந்தா இவ எப்பவோ முடிச்சிருப்பா."

"வாய மூடினு நடக்கறதுக்கு மார்க்கெட்டுக்கு எதுக்குப் போவணும்?"

தேனிப் பெண் சிரித்துக்கொண்டே, "இல்ல பெரியம்மா, நீங்க நில்லுங்க. எல்லாரும் நிப்பாங்கல்ல. அதுக்கும் சேத்துத்தான் செய்யணும்," என்றாள்.

செய்தாள், கலைத்தாள், மறுபடி செய்தாள். ஆனால் ஒருத்தருக்கும் காட்டவில்லை. அந்த வேலையைத் தான் எடுத்திருப்பதாக ஒரு வரி கூட அங்கே எழுதவில்லை. முழுசாக முடித்து, ஒரு குறை இல்லாமல் கொண்டுபோய் வைக்கணும் என்று இருந்தாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. குழம்பு கொதிக்கும்போதே மூடியைத் திறந்து விருந்தாளிக்குக் காட்டுகிறவள் உண்டா?

ஒருநாள் சாயங்காலம் கரண்ட் இருக்கும்போதே இறங்கி வந்தாள். லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். கை ஓடவில்லை. சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலேயே ஆம்பூர்க்காரி.

"போச்சு பெரியம்மா. இதே வேலைய வேற ஒருத்தி வெச்சுட்டா."

நைரோபி என்று ஆப்பிரிக்காவில் ஒரு ஊராம். அங்கே ஒரு காலேஜ் பெண். அவளும் அந்த ஒரே இடத்துக்கு அப்ளை பண்ணுகிறவள். இதே அறுந்த கோட்டைச் சரி பண்ண ஆரம்பித்து, செய்த வரைக்கும் எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்துவிட்டாள். பனி தேசத்து அம்மாவும் அவளும் பேச்சில் இறங்கிவிட்டார்கள், இது நல்லாயிருக்கு, இதை இப்படி மாற்று என்று.

"முடிச்சிட்டாளா?"

"முடிக்கல. பாதிதான்."

"பாதி வெந்ததையா கொண்டாந்து வெச்சிருக்கா?"

"அங்க அதான் பழக்கமாம் பெரியம்மா," என்றாள் தேனிப் பெண். "பாதியிலயே வைக்கணுமாம். வச்சாத்தான் நாலு பேரு பாத்துச் சொல்லுவாங்களாம். நாந்தான் முழுசா வைக்கணும்னு..."

கடைசித் தேதிக்கு அதிக நாள் இல்லை. நான் மோர் கலக்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அந்த நைரோபிப் பெண் செய்ததை எடுத்து என்னுடைய நடையை அதில் ஓட விட்டுப் பார்த்தாள். அது யாரும் எடுக்கலாமே, திறந்துதானே கிடக்கிறது. கீரைக்காரி, பூக்காரி, மெடிக்கல் எல்லாம் அழகாக வந்தது, ஒரு ஓட்டை இல்லை. சுரங்கப்பாதை வந்ததும் கோடு விருட்டென்று கிளம்பி, ஆவடி ஏரி நடுவில் போய்த் தொட்டுவிட்டு, திரும்ப வந்து மார்க்கெட்டில் ஏறினது.

"பெரியம்மா ஏரில முங்கிட்டு வந்து கத்திரிக்கா வாங்கிச்சு," என்றாள் ஆம்பூர்க்காரி.

எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அவள் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இது நல்லதுக்குத்தான்டி. கம்முனு இரு. அவளுக்கு இது தெரியாது. தேதி முடியற வரைக்கும் வாயத் தெறக்காத. உன்னோட அப்ளிகேஷன்ல, அவளுது ஏரில விழுது, என்னுது விழலன்னு எழுதிப் போடு."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. எதிராளி இலையில் பொத்தல் என்றால் நாம் ஏன் சொல்லணும்? "அவ சொல்றதும் சரியாத்தான் கீது," என்றேன்.

திரையை மேலே கீழே தள்ளிக்கொண்டிருந்த தேனிப் பெண் ஒரு இடத்தில் நின்றாள். "பெரியம்மா, இதக் கேளுங்க. அவ கடைசியில எழுதியிருக்கா," என்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். இது என் அம்மா நடக்கிற வழியில் சரியாக வருகிறது. எங்கள் வழியில் தரைக்கு அடியில் போகிற பாதை கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் இது உடையும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படிப் பாதை உள்ள ஊரில் இருக்கிறவர் யாராவது நடந்து பார்த்துச் சொல்ல முடியுமா?



எனக்கு மலைப்பாக இருந்தது. ஒரே ஒரு இடம். அதற்கு எத்தனையோ பேர் நிற்கிறார்கள். அந்த இடத்தில் நின்றுகொண்டு, என் வேலையில் இங்கே ஓட்டை இருக்கலாம், வந்து பாருங்கள் என்று விளக்கைப் பிடித்துக் காட்டுகிறாள். வீடு விற்கிறவன் விரிசலில் வெள்ளை அடிப்பான். பெண் பார்க்க வந்தால் கால் ஊனத்தைப் புடவை மறைக்கும். இப்படி ஒரு ஜனம் எங்கேயாவது உண்டா? இதற்குப் பெயர் வெகுளித்தனமா, துணிச்சலா? எனக்குத் தெரியவில்லை. ஆம்பூர்க்காரி கூட, "ஐயோ, இவ இன்னா இப்படிக் கேட்டுட்டா," என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

தேனிப் பெண் என்னைப் பார்த்தாள். "பெரியம்மா, உங்க நடையக் குடுக்கலாமா? குடுத்தா எல்லாரும் பாப்பாங்க."

"ஊடு தெரியுமா?"

"வீட்டுப் பக்கம் வெட்டிருவேன். பாக்டரி சொவத்துப் பக்கம் நீங்க போன கோடும் வேணாம். சொரங்கப்பாதையும் மார்க்கெட்டும் போதும்."

பாக்டரிச் சுவரைத் தானாகவே சொன்னாள் பாருங்கள், அதில் எனக்கு நிம்மதி. ஆனாலும் கேட்டுக்குள் இருந்தது கேட்டுக்குள் என்று வாழ்ந்த வீடு இது. நான் எங்கே நிற்கிறேன், யாரிடம் பேசுகிறேன் என்பது எங்கெங்கேயோ இருக்கிறவன் கண்ணில் படணுமா? அப்புறம் நினைத்தேன், அந்தப் பெண் அவள் அம்மா நடையை வைத்துத்தானே கேட்கிறாள். அந்த அம்மா கொடுத்திருக்கிறாள்.

"குடு," என்றேன்.

என் நடை மட்டும் இல்லை, தான் செய்த பாதியையும் சேர்த்து வைத்தாள். என்னுடையது ஏரிக்குள் போகாது, ஆனால் நிற்கிற இடத்தில் பிய்கிறது, உன்னுடையது அதற்கு நேர் எதிர், என்று எழுதினாளாம். அதை அனுப்புகிற பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். அனுப்பினதும் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போயிடுச்சா?"

"போயிருச்சு பெரியம்மா."

அப்புறம்தான் மோரைக் குடித்தாள்.

மறுநாளே பதில் வந்திருந்தது. காலேஜிலிருந்து வந்ததும் பையைக் கூட வைக்காமல் கீழே வந்து படித்துக் காட்டினாள். நைரோபிப் பெண் நன்றி சொல்லியிருந்தாள். இரண்டையும் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருந்தாள். கடைசியில் ஒரு கேள்வி. 'இந்த நடக்கிறவர் ஏன் இத்தனை இடத்தில் நிற்கிறார்? வழி தெரியாதவரா?'

"எனக்கா வழி தெரியாது?" என்றேன்.

"அவங்களுக்கு எல்லாரையும் தெரியும், அதான் நிக்கிறாங்கன்னு எழுதுறேன் பெரியம்மா."

அதற்கும் பதில் வந்தது. என் அம்மாவும் அப்படித்தான், கூடப் போனால் வீடு வந்து சேர முடியாது என்று.

அந்த நாட்களில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்ததை எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்த்தது கிடையாது. இவள் எழுதினதில் அவள் தப்பு காட்டுவாள், அவள் எழுதினதில் இவள் காட்டுவாள். ஒரே நாற்காலிக்கு நிற்கிற இரண்டு பேர், ஒருத்தி காலில் இருக்கிற முள்ளை ஒருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் தனித்தனியாக அப்ளை பண்ணினார்கள். இந்தப் பகுதி அவள் செய்தது என்று இவள் எழுதினாள். இந்தப் பகுதி இவள் செய்தது என்று அவளும் எழுதியிருந்தாளாம்.

முடிவு ஒரு ராத்திரியில் வந்திருக்கிறது. எனக்குக் காலையில்தான் தெரியும். அதுவும் யாரும் சொல்லித் தெரியவில்லை. ஆம்பூர்க்காரி படியில் சத்தமே இல்லாமல் இறங்கி வந்தாள்.

"அவளுக்கா?" என்றேன்.

"ம். நைரோபிக்கு," என்றாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. தேனிப் பெண் வந்ததும் கேட்டுவிட்டேன். "உன் வேலையையும் என் நடையையும் எடுத்துகினு அவ போய் உக்காந்துட்டா. அன்னிக்குக் கம்முனு இருந்திருந்தா நீ உக்காந்திருப்ப."

கண் வீங்கியிருந்தது. "எடுத்துட்டுப் போகல பெரியம்மா. கம்முன்னு இருந்தா என்னோடது நீங்க நிக்கிற எடத்துலலாம் பிஞ்சுதான இருக்கும்? அவ என்னைய விட நல்லாத்தான் எழுதியிருந்தா," என்று போனைத் திறந்து காட்டினாள். "இந்த வரி எல்லாம் நான் எழுதினது. பக்கத்துல என் பேரு. இப்ப அந்த ஆப்ல சேந்துருச்சு. யாரு வேணா பாக்கலாம்."

இங்கிலீஷ் எழுத்து எனக்கு வராது. இருந்தாலும் அவள் விரல் வைத்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பேர் அங்கே இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் செய்து அனுப்பின டாங்கிகள் எந்தெந்தப் பாலைவனத்திலோ நிற்கும். எதிலும் அவர் பேர் இருக்காது. அதைச் சொல்ல வந்தேன். அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அழட்டும் என்று விட்டேன். ஆசைப்பட்டது கிடைக்கவில்லை, அதை எதைச் சொல்லி மூடுவது? இட்லி ஆறிப்போவதற்கு முன்னால் ஆம்பூர்க்காரி அவளை எழுப்பிச் சாப்பிட வைத்தாள்.

லீவு விட்டது. ஆம்பூர்க்காரி ஊருக்குப் போய்விட்டாள். இவளும் போகிறதாகத்தான் இருந்தது. போகிறதுக்கு முதல் நாள் பார்த்தால் மறுபடி என் எதிரில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறாள்.

"இடந்தான் இல்லன்னு ஆச்சே. இன்னும் இன்னா?"

"கூரைக்கு அடியில இன்னும் அறுபடுது பெரியம்மா. அவ பாத்துச் சொல்லச் சொல்லியிருக்கா."

"சம்பளம் அவளுக்கு, வேலை உனக்கா?"

"அடுத்த வருஷமும் கேப்பேன்ல," என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "அதுக்காக மட்டுமில்ல. பிஞ்சு கெடக்குறது தெரிஞ்சா எப்படி விட்டுட்டுப் போறது?" என்றாள்.

அன்று காலையில்தான் புது ஆப் என் போனில் இறங்கியிருந்தது. அவள் ஏற்றிக் கொடுத்தது இல்லை, உலகத்துக்கே வந்தது. நடந்துவிட்டு வந்திருந்தேன். போனைக் கொடுத்தேன். கோடு எங்கள் வாசலில் ஆரம்பித்து, பிள்ளையார் கோயிலில் திரும்பி, சுரங்கப்பாதையில் இறங்கி, ஏறி, பூக்காரியிடம் சுருண்டு, அப்படியே திரும்பி வீடு வந்து சேர்ந்திருந்தது. ஒரு இடத்தில் கூட அறுபடவில்லை. இதே மாதிரி எந்தெந்த ஊரிலோ, தரைக்கு அடியில் இறங்கி ஏறுகிற யார் யாருடைய நடையையோ இந்த ஒல்லிப் பெண் எழுதின வரி பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். அவர்களுக்குத் தெரியாது. இவளுக்கும் தெரியாது.

"இந்தாங்க, நீங்களும் பாருங்க," என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். "அவ அனுப்பினது. அவங்கம்மா நடை. சந்தைக்குள்ள தகரக் கூரை, அதுக்குள்ள போனா அறுந்துருது."

பேர் தெரியாத தெருக்கள். நம் ஊர் மாதிரியே கோணல்மாணலாக. நடுவில் ஒரு கோடு. போய்க்கொண்டே இருந்து ஒரு இடத்தில் சுருண்டிருந்தது, கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்தில், அப்புறம் ஒரு பெரிய முடிச்சு. அதற்கப்புறம் கோடு இல்லை, கூரை. நான் அந்த முடிச்சின் மேல் விரலை வைத்தேன். திரைக் கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. அந்த அம்மாவுக்கு என் வயசு இருக்குமா, கால் வலி உண்டா, எந்தக் கையில் பையைப் பிடிப்பாள், ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் அங்கே நின்றிருக்கிறாள்.

"இங்க இன்னா வாங்கினாங்கன்னு கேளு," என்றேன்.

"இதையா பெரியம்மா கேக்கச் சொல்றீங்க?"

"கேளு."

டைப் அடித்தாள். அந்தப் பக்கம் அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருந்திருக்கிறாள் போல. நான் கீரையை ஆய்ந்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

தக்காளியாம். வாங்கவில்லையாம், விலை கேட்டுவிட்டு நின்று பேசினதுதானாம்.